கையை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டர்

காலை ஆறு மணிக்கு அப்பா ஸ்டவ்வைப் பற்ற வைப்பார். ஆறேகாலுக்குப் பால் காயும். ஆறரைக்கு இரண்டு டம்ளர் காபி. கித்தேரி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். இருவரும் குடிப்பார்கள். பேச மாட்டார்கள்.

ஏழு மணிக்கு அப்பா இட்லிப் பானையைத் திறப்பார். ஏழரைக்கு அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பாள். எட்டு மணிக்கு அப்பா கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போடுவார். இருவரும் பள்ளங்கிச் சாலையில் நடப்பார்கள். இல்லத்து வாசல் வந்ததும் அப்பா உள்ளே போவார். அவள் மேட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் போவாள்.

அம்மா இருந்தபோதும் இதே நேரங்கள்தான். ஏழு மணிக்கு அம்மா வேலைக்குக் கிளம்பும்வரை சத்தம் அதிகமாக இருக்கும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

இல்லம் என்பது கை கால் சரியாக வராத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். கொடைக்கானல் குளிரிலும் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். கித்தேரியின் அப்பா பரமானந்தம் அங்கே எலக்ட்ரீசியன். அம்மா தெரசம்மாள் அங்கே ஆயாவாக இருந்தாள்.

போன வருஷம், 1986 நவம்பரில், ஒரு காலை. வேலுமணி என்ற பிள்ளைக்கு அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் கிண்ணத்தை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவுதான். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அப்போது கித்தேரிக்குப் பத்து வயது.

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் எல்லோரிடமும் கேட்டாள்.

என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகச் சமையல்கார குப்பம்மாள் சொன்னாள். ஆண்டவர் பேரைச் சொன்னதாக வார்டன் சூசையம்மாள் சொன்னார். கித்தேரியின் பேரை மூன்று தரம் கூப்பிட்டதாகத் திண்டுக்கல் பெரியம்மா சொன்னாள். பெரியம்மா அன்றைக்குத் திண்டுக்கல்லில் இருந்தாள்.

அப்பாவிடமும் கேட்டாள்.

“எனக்குத் தெரியாதும்மா. நான் அங்க இல்ல,” என்றார் அப்பா.

அவர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த அறையில் அம்மாவோடு இருந்தது வேலுமணி மட்டும்தான். வேலுமணிக்குப் பேச்சு வராது.

வேலுமணி மலைக்குக் கீழே பாலசமுத்திரத்துப் பிள்ளை. கித்தேரியைவிட ஒரு வயது பெரியவள். அவள் கைகள் அவள் சொன்னபடி கேட்காது. இடது கால் தூங்கிக்கொண்டே இருக்கும். வலது கால் மட்டும் கேட்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். மூடினால் இல்லை.

அவளால் ஒரு சத்தம் மட்டும் போட முடியும். அந்தச் சத்தம் வந்தால் ஒண்ணுக்கு வருகிறது என்று அர்த்தம். இதை வேலுமணியைக் கேட்காமலே இல்லத்தில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். சத்தம் வந்ததும் யாராவது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். திரும்பி வரும்போது அவள் இன்னும் கோபமாக இருப்பாள்.

அம்மா போன மறு மாதம் கித்தேரி அவளிடம் போய் உட்கார்ந்தாள். அம்மா ஆண்டவர் பேரைச் சொன்னாளா என்று கேட்டாள். வேலுமணி கண்ணை மூடினாள். என் பேரைச் சொன்னாளா? மூடினாள்.

“என்னையப் பத்தி ஏதாச்சும்?”

வேலுமணியின் கண் மேலே போனது. ரொம்ப நேரம் கீழே வரவில்லை.

அதற்குமேல் என்ன கேட்பது என்று கித்தேரிக்குத் தெரியவில்லை. ஆமாம், இல்லை என்ற இரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

ஜூன் மாதம் இல்லத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கடல் கடந்து ஏதோ ஒரு தேவாலயத்துக்காரர்கள் கொடுத்தது. கஞ்சி ஊட்டுகிற அந்த அறையிலேயே ஒரு மேஜை போட்டு வைத்தார்கள். அதைக் கவனிக்க மரியஅந்தோணி சார் வந்தார். வயது குறைந்தவர். நாலு வாரம் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக வைத்துத் தமிழ் எழுத்துகளை அதற்குள் வரைந்தார்.

வேலுமணியால் கீபோர்டைத் தொட முடியாது. அவளுக்காக அப்பா ஒரு கால்கட்டை செய்தார். ஒரு பலகை, அடியில் ஸ்பிரிங், அதற்கடியில் காலிங்பெல் சுவிட்ச். அதிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். அம்மா போனதிலிருந்து அப்பா அந்த அறைக்குள் போவதில்லை. கட்டையையும் வாசலில் நின்றே சாரிடம் கொடுத்தார்.

திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொரு எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது வேலுமணி காலை அழுத்த வேண்டும். தவறவிட்டால் கட்டம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்குக் கால் மணியோ அரை மணியோ ஆகும். வேலுமணிக்கு அவசரம் இல்லை. ஒரே மாதத்தில் எழுத்துகள் எல்லாம் படித்துவிட்டாள். பாதி எழுத்து அவளுக்குக் காலண்டரைப் பார்த்தே தெரிந்திருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் சாருக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தார். ஒரே படம் பல நாள் திரையில் நின்றால் அதன் தடம் கண்ணாடியில் அப்படியே பதிந்துவிடுமாம். அதனால் ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகக் கறுத்துவிடும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். தொட்டால் படம் திரும்பி வரும். அவர் கையாலேயே நாலைந்து தரம் சோதித்துப் பார்த்தார். அவருக்குக் கை வேலை செய்யும்.

பிறகு சுவரில் ஒரு தாள் ஒட்டினார். “திரை கறுத்திருந்தால் ஆள் இல்லை என்று பொருள். சுவிட்சை அணைக்கவும்.” கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து வேலுமணி எழுதவில்லை.

அவள் நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. மற்ற பிள்ளைகள் உடற்பயிற்சிக்குப் போய்விடுவார்கள். வார்டன் சுற்றி வரும்போது பார்ப்பார். திரை கறுத்துக் கிடக்கும். வேலுமணி அதன் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள். வார்டன் தாளைப் பார்ப்பார், சுவிட்சை அணைப்பார், வேலுமணியைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போவார். அணைத்தால் எழுதியிருந்ததெல்லாம் போய்விடும்.

அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் மேல் ஆசை விட்டுப்போனது என்று வார்டன் எல்லோரிடமும் வருத்தமாகச் சொன்னார்.

நவம்பர் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து நடந்து வரும்போது அப்பா ஒரு செய்தி சொன்னார். வேலுமணிக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. அதற்கு மேல் இல்லத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா கந்தம்மாள் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள்.

“திரும்பி வருவாளா அப்பா?”

“வரமாட்டா.”

கித்தேரி எண்ணிப் பார்த்தாள். ஐந்து நாள் இருந்தது. அம்மா கடைசியாகச் சொன்னது பழனி பஸ்ஸில் ஏறி மலை இறங்கிப் போகப்போகிறது. பாலசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இல்லத்துக்கு ஓடினாள். வேலுமணியின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

“நான் எழுத்தைச் சொல்லிக்கிட்டே வாரேன். நீ சரியான எழுத்துக்குக் காலத் தட்டு. என்ன?”

வேலுமணி கண்ணைத் தூக்கினாள்.

கித்தேரி தொடங்கினாள். ‘க’ என்றதும் வேலுமணி தட்டினாள். க, கா, கி, கீ, கு. தட்டினாள்.

“கு... குட்டியா? அம்மா என்னையக் குட்டின்னு சொன்னாளா?”

வேலுமணி கண்ணை மூடினாள்.

“கொழந்தையா? அதுக்குத்தான் கு தட்டினியா?”

மூடினாள்.

“குளிருதுன்னு சொன்னாளா?”

வேலுமணி மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை. கால் பலகையை ஒரு உதை விட்டாள். நாற்காலி அரை அடி பின்னால் போனது.

கித்தேரிக்கு முகம் சுட்டது. குப்பம்மாளும் பெரியம்மாவும் செய்ததைத்தான் தானும் செய்கிறோம் என்று புரிந்தது. ஒரு எழுத்து கிடைத்ததும் மீதியைத் தன் ஆசைப்படி நிரப்பப் பார்த்தாள். வேலுமணிக்குப் பிறந்ததிலிருந்து எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கண்ணைத் திறந்தபோது வேலுமணி மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் முந்திக்கொள்ளாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

கித்தேரி நாற்காலியை மேஜைக்குத் தள்ளி, கால்கட்டையை வைத்து, சுவிட்சைப் போட்டாள். வெளிச்சக் கட்டம் நகர்ந்தது. வேலுமணி அழுத்தினாள். எ. பிறகு ன. பிறகு க்.

திரை கறுத்துவிட்டது.

வேலுமணி கட்டையைத் தட்டினாள். தட் தட் தட். ஒன்றும் வரவில்லை. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போ புள்ள,” என்று வார்டன் தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

கித்தேரி தாளைப் படித்தாள். சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினாள். அவள் ஸ்வெட்டரின் கை கீபோர்டில் உரசியது. திரை பளிச்சென்று வந்தது. மூன்று எழுத்தும் அப்படியே இருந்தன.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். திரை கறுத்தது. குனிந்து கால்கட்டையைத் தன் கையால் அழுத்தினாள். கறுப்பாகவே இருந்தது. கீபோர்டைத் தொட்டாள். வந்தது. இன்னொரு தரமும் செய்து பார்த்தாள். அதேதான்.

“வேலு, இது கையை மட்டுந்தான் பாக்குது,” என்றாள். “ஒன் காலப் பாக்கல. நீ இங்க இருக்கறதே இதுக்குத் தெரியாது.”

வேலுமணியின் கண் மேலே போனது. தலையும் சேர்ந்து பின்னால் சாய்ந்தது. வாயைத் திறந்து கூரையைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று மாதமாக அவள் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

கித்தேரி வார்டனிடம் போய்ச் சொன்னாள். வார்டன் நல்லவர். வந்து தாளை மறுபடியும் படித்தார். சார் எழுதிவைத்துப் போனதை நாம் மாற்ற முடியுமா என்று கேட்டார். மெட்ராஸுக்கு ஒரு கடிதம் போடலாம், பதில் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். பத்து மணிக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாமே என்று கித்தேரி கேட்டாள்.

“பத்து மணிக்கு இங்க யாருக்குச் சோலி இல்ல, சொல்லு.”

கித்தேரிக்கும் பத்து மணிக்குக் கணக்குப் பாடம் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது புரோகிராமை மாற்ற முடியுமா என்று அப்பாவிடம் கேட்டாள். ஒயர் என்றால் தெரியும், அது எழுத்து சமாச்சாரம் என்றார் அப்பா. சாலையில் பனிமஞ்சு இறங்கியிருந்தது. கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு போனது. அது போகும்வரை இருவரும் ஓரமாக நின்றார்கள்.

“அப்ப அவ காலுக்கு ஒரு கை வேணும்,” என்றாள் கித்தேரி.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அவள் சாமான் தேடினாள். ஒரு மர ஸ்கேல். ஒரு அழிரப்பர். பழைய பாவாடையிலிருந்து உருவிய நாடா. கிழிந்த காலுறையின் எலாஸ்டிக். எல்லாவற்றையும் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வெள்ளனே போக வேண்டும் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே அப்பா ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

இல்லத்துக்குப் போனதும் முதலில் கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டுவது என்று பார்க்க வேண்டியிருந்தது. கித்தேரி கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்று கோடு போட்டது. ஒன்று திரையில் இருந்ததை எல்லாம் அழித்தது. மூலையில் இருந்த ஒரு கட்டை எதையும் எழுதவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஆனால் கறுத்த திரையை எழுப்பியது. அதுதான் சரி.

ஸ்கேலின் ஒரு முனையை மேஜையோடு சேர்த்துக் கட்டினாள். நடுவில், அந்த மூலைக் கட்டைக்கு நேர் மேலே, அழிரப்பரை ஒட்டினாள். மறு முனையில் நாடாவைக் கட்டிக் கீழே விட்டு, கால்கட்டையில் முடிச்சுப் போட்டாள். கால் கட்டையை அழுத்தினால் நாடா ஸ்கேலை இழுக்கும், அழிரப்பர் கீபோர்டைத் தட்டும்.

வேலுமணி அழுத்தினாள். அழிரப்பர் தட்டியது. தட்டிவிட்டு எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் பீ என்று அலற ஆரம்பித்தது. குப்பம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். என்ன வெடிக்கப் போகிறது என்று வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டாள். ஒன்றும் வெடிக்காது என்று கித்தேரி சொன்னாள். அப்படியானால் அது ஏன் அழுகிறது என்று கேட்டாள் குப்பம்மாள்.

கித்தேரி எலாஸ்டிக்கை எடுத்து ஸ்கேலை மேலே இழுத்துக் கட்டினாள்.

வேலுமணி மறுபடி அழுத்தினாள். தட். ஸ்கேல் குனிந்து நிமிர்ந்தது. இன்னொரு தரம். தட். குனிந்து நிமிர்ந்தது, வணக்கம் சொல்வதுபோல. வேலுமணி சிரித்தாள். அவள் சிரிப்பும் அந்தச் சத்தம் போலத்தான் இருக்கும்.

“ஒண்ணுக்கா?” என்றது தூரத்திலிருந்து வார்டன் குரல்.

அன்று பள்ளிக்கூடத்தில் கித்தேரிக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. எ, ன, க் என்று வேலுமணி தொடங்கியது அவள் தலைக்குள்ளேயே நின்றது. எனக்கு. எனக்கு என்ன? அம்மா, எனக்கு என்னவென்று சொன்னாள்? முந்தக் கூடாது என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். ஆனாலும் மனசு முந்தியது.

மாலையில் ஓடி வந்தாள். வார்டன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரை கறுக்கவில்லை. அதில் இருந்தது:

“எனக்கு ஒண்ணுக்கு வரல.”

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாள் என்றார். தான் எத்தனை நாள் அவளைத் தள்ளிக்கொண்டு போயிருப்போம் என்று கணக்குப் போட முயன்றார். முடியவில்லை.

“இத்தன நாளும் வேற என்னமோ சொன்னியா தாயி?” என்று கேட்டார்.

வேலுமணி கண்ணைத் தூக்கினாள்.

கித்தேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். இன்னும் இரண்டு காலைகள்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை வேலுமணி எழுதியதும் வேறு. “அம்மா மொட்டை போதும்.” வேலுமணிக்குப் பேச்சு வர வேண்டும் என்று கந்தம்மாள் பழனியில் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மகளை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போடுவாள். வேலுமணியின் முடி ஒருபோதும் காதுக்குக் கீழே வந்ததில்லை. வார்டன் அந்த வரியை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்.

கித்தேரி அதைப் படித்தாள். தன்னுடையது எப்போது என்று அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் பேசாதவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். வரிசையில் தனக்கு எத்தனாவது இடம் என்று கேட்பது நியாயமாகப் படவில்லை. நாடா தளர்ந்திருந்தது. அதை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. பத்து மணிக்குக் கித்தேரி வந்தபோது வார்டன் கேமராவோடு நின்றிருந்தார். கம்ப்யூட்டர் கொடுத்தவர்களுக்கு வேலுமணி நன்றி என்று எழுதினால் ஒரு படம் எடுத்து அனுப்பலாம் என்றார். வேலுமணி கண்ணை மூடினாள்.  வார்டன் கேமராவை உறையில் போட்டார்.

“சரி தாயி. ஒனக்கு எது முக்கியமோ அத எழுது.”

வேலுமணி கித்தேரியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஜன்னலில் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற மேடு தெரியும். பிறகு திரையைப் பார்த்துக் காலை அழுத்தினாள்.

கு.

 வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து கித்தேரி ஒரு பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது எழுத்து வந்தது. மூன்றாவது தவறியது. கட்டம் சுற்றி வந்தது. மறுபடி தவறியது. மூன்றாம் சுற்றில் பிடித்தாள். ஸ்கேல் குனிந்து நிமிர்ந்தது. கித்தேரி திரையிலிருந்து கண்ணை எடுத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் ஊகிக்கத் தோன்றும்.

பதினொன்றரைக்கு வாசலில் யாரோ பேசும் சத்தம் கேட்டது. கந்தம்மாள் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டம் இருக்கும், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள இடம் கிடைக்காது என்று வந்திருந்தாள். ஒரு மணிக்குப் பழனி பஸ், வெரசாக் கிளம்ப வேண்டும் என்றாள்.

கித்தேரி பென்சிலை இன்னும் அழுத்திக் கடித்தாள்.

வார்டன் அட்டையை எடுத்து நீட்டினார். கந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. வார்டன் படித்துக் காட்டினார். அம்மா மொட்டை போதும்.

“யாரு சொன்னது?”

“ஒங்க மகதான். அந்தக் காலால எழுதினா.”

கந்தம்மாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். வார்டன் படித்தார்.

“எம்புள்ளையா என்னைய வையுது?”

“ஆமா.”

கந்தம்மாள் பையைக் கீழே வைத்தாள். மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“வையட்டும்,” என்றாள். “இப்ப என்ன எழுதுது?”

வார்டன் கித்தேரியைக் காட்டி, தெரசம்மாள் மகளுக்கு ஏதோ எழுதுகிறாள், கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார்.

“எழுதி முடிக்கட்டும். பஸ்ஸு அடுத்தது வரும்.”

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்க வேண்டும். வார்டன் அடிக்கவில்லை. இல்லத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. ஏன் மணி அடிக்கவில்லை என்று பார்க்கக் குப்பம்மாள் வந்தாள். அவளும் நின்றுவிட்டாள். மணியில் ஏதாவது கோளாறா என்று பார்க்க அப்பா வந்தார். கையில் குறடு இருந்தது. அவர் வாசற்படியோடு நின்றார்.

தட். ஸ்கேல் குனிந்து நிமிர்ந்தது. தட்.

ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேலுமணி காலைக் கட்டையிலிருந்து எடுத்தாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது. கண்ணை மேலே தூக்கினாள். முடிந்துவிட்டது.

கித்தேரியால் உடனே திரும்பிப் பார்க்க முடியவில்லை.

வாசலிலிருந்து பார்த்தால் எழுத்து சின்னதாகத்தான் தெரியும். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, உதடு அசையப் படித்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் கித்தேரி முதலில் நினைத்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவளேதான்,” என்றார். “வேற யாரும் இல்ல, அவளேதான். படி.”

கித்தேரி பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். அதில் பல் பதிந்திருந்தது. திரையில் ஆண்டவர் பேர் இல்லை. அவள் பேரும் இல்லை. ஆனால் மேடு ஏறிப் போய்க்கொண்டிருந்த ஒருத்தியை ஜன்னல் வழியாகப் பார்த்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலுமணியிடம் குறை சொல்கிற அம்மாவின் குரல் அப்படியே இருந்தது. அவள் அதே குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

“குடைய விட்டுட்டுப் போயிருச்சு பாரு, கழுதை.”